குட்டியின் கழுத்தில் கட்டியா? கத்தி எடுக்கும் முன் கை வைத்துப் பாருங்கள்!

அயோடின் குறைவு, புழுத் தொல்லை, நெறிகட்டி... மூன்றும் கழுத்துப் பகுதியில்தான் வீங்கும். ஆனால், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வீட்டுப் பூனைக்கு வருவது இன்னொரு கதை.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் மலையின் மேற்குப் பக்கமாக நடந்து வந்தால் வருகிற ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கான கால்கள் கடந்துபோகும் பாதை அது. மற்ற நாட்களில் அதன் இருபுறமும் சாதாரண கிராம வாழ்க்கைதான். கொல்லையில் நாலைந்து வெள்ளாடு, வாசலில் ஒரு கறவை மாடு, அடுப்படியில் ஒரு பூனை. நிலம் கொஞ்சமாக இருக்கிற வீட்டில் ஆடுதான் அவசரத்துக்கு உதவும் பணம். பள்ளிக்கூடக் கட்டணம், மருத்துவச் செலவு, காது குத்துச் சீர் என்று எதற்கும் முதலில் கயிறு அவிழ்வது கொல்லையில்தான்.

அப்படிப்பட்ட வீடுகளில் எப்போதாவது வருகிற காலை இது. இரவு ஈன்ற ஆட்டின் குட்டி எழுந்து நிற்கவில்லை. முடி சரியாக முளைக்காமல் தோல் வழவழப்பாக இருக்கிறது. தூக்கிப் பார்த்தால், தொண்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம்.

"நெறிகட்டிம்மா இது. மஞ்சளும் சுண்ணாம்பும் பத்து போடு. பழுத்ததும் பிளேடால கீறி உட்டா சரியாப் போயிடும்" என்பார் மாமனார்.

"பொறந்து ஒரு ராத்திரிதான் ஆவுது மாமா. அதுக்குள்ள எப்படி நெறி கட்டும்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேற இருக்குது" என்பாள் மருமகள்.

மருமகள் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அந்த வீக்கத்தைக் கீறினால் சீழ் வராது, இரத்தம்தான் வரும். ஏனென்றால், வீங்கியிருப்பது தைராய்டு சுரப்பி. உடம்பில் இரத்த ஓட்டம் மிக அதிகமாக உள்ள உறுப்புகளில் அதுவும் ஒன்று. பக்கத்திலேயே கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. பிழைத்திருக்கக்கூடிய குட்டி, பிளேடு பட்டதால் செத்துப்போகும்.

தைராய்டு என்ன வேலை செய்கிறது?

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் சிறிய சுரப்பி தைராய்டு. மனிதருக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பூனைக்கும் இது இருப்பது கழுத்தில்தான். உடம்பு எவ்வளவு வேகத்தில் தீனியைச் சக்தியாக மாற்ற வேண்டும், குட்டி எவ்வளவு வேகத்தில் வளர வேண்டும் என்பதை இது சுரக்கும் நீர்தான் தீர்மானிக்கிறது. வயிற்றில் உள்ள குட்டியின் மூளை வளர்வதற்கும், முடி முளைப்பதற்கும், பிறந்தவுடன் குளிரைத் தாங்குவதற்கும் அது தேவை.

அந்தச் சுரப்பு நீரைச் செய்ய அயோடின் வேண்டும். அயோடின் போதாதபோது, இருக்கிற கொஞ்சத்தையாவது முழுவதும் பிடித்துவிட வேண்டும் என்று சுரப்பி தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறது. அதுதான் முன்கழுத்துக் கழலை. சுரப்பி பெரிதாக இருக்கும்; வேலை குறைவாக நடக்கும்.

தாய் ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கழுத்தில் வீக்கம் தெரியாது. சினைக் காலத்தில் அதற்குக் கிடைக்காத அயோடின், குட்டியின் கழுத்தில்தான் கணக்குக் காட்டும். செத்துப் பிறப்பது, பலவீனமாகப் பிறப்பது, முடியில்லாமல் பிறப்பது, சீம்பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். கால்நடைகளில் ஆட்டுக்குட்டிகளிடம் இது தெளிவாகத் தெரியும். செம்மறியைவிட வெள்ளாட்டில் அதிகம்.

காங்க்ரா பள்ளத்தாக்கு சொன்ன பாடம்

மனிதர்களின் கழுத்துக் கழலையை ஒழிக்க இந்தியா நடத்திய போராட்டத்திலிருந்து ஆடு வளர்ப்போர் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் அந்நாளில் கழுத்து வீங்கியவர்கள் ஏராளம். மழையும் பனியும் மண்ணில் உள்ள அயோடினைக் கரைத்துக் கொண்டுபோய்விட்ட பகுதி அது. 1956-ல் மருத்துவ அறிஞர் வி.ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு கொடுக்கப்பட்டது. மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பு.

சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு போன பகுதியில் அப்படிக் குறையவில்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. 1962-ல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992-ல் அதுவே தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று பெயர் மாறியது. மனிதர் சாப்பிடும் உப்பு அயோடின் கலக்காமல் விற்கப்படக் கூடாது என்ற தடை 2006 மே மாதம் முதல் நாடு முழுவதும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது அளவு.

சட்டம் வந்தும் தமிழ்நாட்டில் நிலைமை முழுதாகச் சீராகவில்லை. 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவிகிதம், தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம்தான். மாநிலங்களிலேயே மிகக் குறைவு இதுதான். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று உப்பளங்கள் நிறைந்த மாநிலம் நம்முடையது. 'கடல் உப்புதானே, அதில் எல்லாம் இருக்கும்' என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால், கடல் நீர் காய்ந்து கல்லுப்பாகும்போது அயோடின் மிகச் சொற்பமாகவே தங்குகிறது. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

வீட்டுக்குள் நிலைமை இப்படி என்றால், கொல்லையில் இன்னும் மோசம். சட்டம் பேசுவது மனிதர் சாப்பிடும் உப்பைப் பற்றி. குழம்புக்குப் பாக்கெட் உப்பு வாங்கும் வீட்டில்கூட, ஆட்டுத் தண்ணீரில் கலக்க மூட்டைக் கல்லுப்பு தனியாக இருக்கும். 'மாட்டுக்குப் போடுற உப்பு' என்றே அதற்குப் பெயர். அதில் அயோடின் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

தீவனத்திலும் ஒரு கண் வேண்டும்

அயோடின் போதுமான அளவு கொடுத்தும் சில நேரங்களில் கழலை வரலாம். சில தீவனங்கள் சுரப்பி அயோடினைப் பிடிக்கவிடாமல் தடுக்கும்; அல்லது சுரப்பு நீர் உருவாவதைத் தடுக்கும்.

முதலில் சூபாபுல். நம் ஊரில் சவுண்டல் என்பதும் இதைத்தான். நல்ல புரதமுள்ள மரத்தீவனம். கோடையில் ஆட்டுக்குப் பச்சை கிடைக்க வழி செய்கிற மரம். அதை வெட்டிப் போட வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், அதன் இலையில் மிமோசின் என்ற பொருள் இருக்கிறது. இரைப்பையில் அது உடைந்து உருவாகும் பொருள் தைராய்டின் வேலையைத் தடுக்கிறது. தொடர்ந்து சூபாபுல் மட்டுமே தின்னும் ஆட்டுக்கு முடி கொட்டும், எச்சில் ஒழுகும், எடை குறையும், கழலையும் வரலாம். அயோடின் கொடுத்தால் மட்டும் இந்த வகை முழுதாகத் தீராது. இலையைக் குறைத்தாக வேண்டும்.

1980-களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தங்கள் நாட்டு மாடுகளைப் பாதித்த சூபாபுல், ஹவாய்த் தீவின் ஆடுகளை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆடுகளின் இரைப்பையில் இந்த நச்சை உடைக்கும் ஒரு நுண்ணுயிர் இருப்பது பிறகு தெரிந்தது. அதை எடுத்துப் போய்த் தங்கள் மாடுகளுக்கு ஊட்டிப் பயன் கண்டார்கள். சூபாபுல் தின்று பழகிய நம் ஊர் ஆடுகள் பலவும் இதைத் தாங்குகின்றன. ஆனால், எந்த ஆடு தாங்கும், எது தாங்காது என்பது பார்வைக்குத் தெரியாது. அதனால், மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூபாபுல் வேண்டாம் என்பது பாதுகாப்பான கணக்கு. மீதிக்கு அகத்தி, கிளைரிசிடியா, வாகை, வேம்பு, கல்யாண முருங்கை, புல் வகை என்று கலந்து கொடுக்கலாம்.

அடுத்து, காய்கறிச் சந்தைக் கழிவு. மீந்துபோன முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளை மூட்டையாக அள்ளிவந்து ஆட்டுக்குப் போடுவது வழக்கம். ஒருநாள் இருநாள் பரவாயில்லை. சினை ஆட்டுக்கு வாரக்கணக்கில் அதுவே தீனியானால் தைராய்டுக்குத் தடை. மரவள்ளித் தழையும் தோலும் அப்படியே. அவற்றை வெயிலில் நன்றாக உலர்த்தி, அளவோடு கொடுக்க வேண்டும்.

எல்லா வீக்கமும் தைராய்டு அல்ல

கழுத்தில் வீக்கம் என்றதும் அயோடின் என்று ஓடுவதும் தவறு. உண்மையில் வளர்ந்த ஆடுகளில் கழுத்து, தாடைப் பகுதியில் பார்க்கிற வீக்கம் பெரும்பாலும் வேறு காரணங்களால்தான் வரும். ஆட்டை நிழலில் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பொறுமையாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து கேள்விகள் போதும். எங்கே இருக்கிறது? எப்போதிலிருந்து? ஒன்றா, இரண்டா? தொட்டால் எப்படி இருக்கிறது? கண் இமையின் உள்பக்கம் என்ன நிறம்?

தாடை வீக்கம்: இரண்டு தாடை எலும்புக்கும் நடுவே, தண்ணீர்ப் பை போலத் தொங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும். காலையில் குறைந்திருக்கும், மேய்ந்துவிட்டு மாலையில் வரும்போது பெரிதாகியிருக்கும். பகல் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்வதால் நீர் அங்கே இறங்குகிறது. இதற்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் வயிற்றில் இருக்கிறது.

நான்காவது இரைப்பையில் ஒட்டி வாழும் உருளைப் புழு ஒன்று, நாளைக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஒன்று இரண்டு என்றால் தெரியாது. 1,000 புழு இருந்தால் நாளைக்கு 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான். இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால், நீர் இரத்தக் குழாயில் தங்காமல் வெளியே கசிந்து தாடையில் தேங்குகிறது. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் மேயும் ஆடு மாடுகளுக்கு நத்தை வழியாக வரும் கல்லீரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும்.

உடனே செய்ய வேண்டியது, கீழ் இமையை மெல்ல இறக்கிப் பார்ப்பது. நல்ல சிவப்பாக இருந்தால் கவலை குறைவு. வெளுத்துப்போய் காகிதம் போல இருந்தால் அது அவசரம். எடை பார்த்து, புழுவின் வகைக்கு ஏற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஒரே குடற்புழு மருந்தைக் கொடுத்தால் புழு பழகிவிடும். எடையைக் குறைத்துக் கணக்கிட்டு, அரைகுறை அளவு கொடுத்தாலும் அப்படியே. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது. குட்டிக்கு ஊனம் வரலாம். புழு நீங்கிய பிறகு, இழந்த புரதத்தை ஈடுகட்டக் கடலைப் புண்ணாக்கும் நல்ல தழையும் வேண்டும்.

நெறிகட்டி: காதுக்குக் கீழே அல்லது தோளுக்கு முன்னால், கெட்டியான உருண்டை. பெரும்பாலும் ஒரு பக்கம்தான். வளர்ந்த ஆடுகளில் மெதுவாகப் பெரிதாகும். தொட்டால் அவ்வளவாக வலிக்காது; ஆடு வழக்கம்போலத் தின்னும். உடைந்தால் பற்பசை போலக் கெட்டியான சீழ் வரும். இது ஒரு பாக்டீரியாவால் வரும் தொற்று. முள் கிழித்த புண், முடி வெட்டும் கத்தரி, தீவனத் தொட்டியில் நீட்டிய ஆணி இவற்றின் வழியாக நுழையும்.

இதைத்தான் பலரும் பட்டியிலேயே கீறிவிடுகிறார்கள். அப்போது நடப்பது என்ன? சீழ் மண்ணில் கொட்டுகிறது. அதில் உள்ள கிருமி மாதக்கணக்கில் அங்கே உயிரோடு இருக்கும். ஒரு ஆட்டின் கட்டி ஆறும். அடுத்த வருடம் ஆறு ஆட்டுக்கு வரும். அந்த ஆட்டை முதலில் தனியாகக் கட்ட வேண்டும். மருத்துவர் கீறும்போது சீழைப் பாத்திரத்தில் பிடித்து, பஞ்சோடு சேர்த்து எரிக்க வேண்டும். புண் ஆறும்வரை மந்தையில் விடக் கூடாது. கையுறை கட்டாயம், அபூர்வமாக மனிதருக்கும் தொற்றக்கூடியது. கட்டியைச் சுற்றிக் கெட்டியான உறை இருப்பதால் ஊசி மருந்து உள்ளே சரியாகப் போகாது. 'நாலு ஊசி போட்டேன், கேக்கலையே' என்ற புலம்பலுக்குக் காரணம் அதுதான்.

குட்டியின் பால் வீக்கம்: இரண்டு வாரத்திலிருந்து நாலு மாதம் வரையான, தாய்ப்பால் நன்றாகக் குடித்துக் கொழுகொழுவென்று துள்ளும் குட்டி. மேல் கழுத்தில் மெத்தென்ற வீக்கம். இது தைமஸ் என்ற வேறொரு சுரப்பி. நோய் எதிர்ப்பைக் கற்றுத்தரும் சுரப்பி. குட்டி வளர வளரத் தானே சுருங்கி, ஆறேழு மாதத்தில் மறைந்துவிடும். மருந்தும் வேண்டாம், பத்தும் வேண்டாம். முடி நன்றாக இருக்கிறதா, குட்டி துள்ளுகிறதா என்று பார்த்தாலே தைராய்டுக் கழலையிலிருந்து இதைப் பிரித்துவிடலாம்.

முள்ளும் ஊசியும்: வேலிக்காத்தான் முள் குத்திய இடத்திலும், அசுத்தமான ஊசி போட்ட இடத்திலும் சூடான, வலிக்கிற கட்டி வரும். சில நாட்களில் பழுக்கும். இது மற்றவற்றைவிட எளிது. ஆனாலும் முள்ளின் முனை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இது மட்டும் காத்திருக்காது: மாடு, எருமைக்குக் கடுங்காய்ச்சலோடு தொண்டை திடீரென்று வீங்கி, மூச்சு இரைந்து, நாக்குத் தள்ளினால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். மழைக்காலத்தில் வரும். சில மணி நேரத்திலேயே உயிர் போகும். பத்து போட்டுப் பார்க்கிற நேரம் இதில் கிடையாது. 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மழைக்கு முன்னால் தடுப்பூசி போடுவதே உண்மையான பாதுகாப்பு.

சினை ஆட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

குட்டிக் கழலைக்கு வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் தடுப்பது மலிவு. ஆட்டின் சினைக் காலம் சுமார் 150 நாள். அதில் கடைசி இரண்டு மாதம் குட்டி வேகமாக வளரும் காலம்.

ஆட்டின் தேவை, தின்னும் ஒரு கிலோ உலர் தீவனத்துக்குச் சுமார் அரை மில்லிகிராம் அயோடின். பால் கொடுக்கும் ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அயோடின் உப்பில் 10 கிராம் கொடுத்தால் கிடைப்பது 0.15 மில்லிகிராம். ஆகவே, உப்பு மட்டும் போதாது. தழையிலும் புல்லிலும் கிடைப்பதோடு, தாது உப்புக் கலவையும் சேர வேண்டும்.

வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்குச் சுமார் 10 கிராம் தாது உப்புக் கலவையை அடர்தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். பையின் மேல் எழுதியிருக்கும் அளவே இறுதி. வாங்கும்போது பட்டியலில் அயோடின் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். கொல்லைக்கென்று வாங்கும் உப்பும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும். மூட்டையைத் திறந்து வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் அயோடின் குறைந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டும். நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிட்டால், மழை படாத இடத்தில், ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

கழலையோடு பிறந்த குட்டியை உடனே துடைத்து, உலர்த்தி, சாக்கில் சுற்றிக் கதகதப்பாக வைக்க வேண்டும். எழ முடியாவிட்டால் சீம்பாலைக் கறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அயோடின் மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடினை வாயில் ஊற்றவே கூடாது, அது விஷம். அயோடின் அளவுக்கு மீறினாலும் தைராய்டு கெடும். கழுத்தில் சூடு போடுவதும், எருக்கம்பால் தடவுவதும் வேதனையைக் கூட்டுமே தவிர, சுரப்பியை ஒன்றும் செய்யாது.

ஒரு குட்டிக்குக் கழலை என்றால், அந்த மந்தையில் உள்ள எல்லாச் சினை ஆடுகளும் அதே உப்பையும் அதே தழையையும்தான் தின்கின்றன. அடுத்த ஈற்று வருவதற்குள் அவற்றைச் சரிசெய்தால், மற்ற குட்டிகளைக் காப்பாற்றலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. தீவனம், தாது உப்பு பற்றிய ஆலோசனைக்கு அங்கு செல்லலாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 12 வயது. நிறையச் சாப்பிடுகிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. கழுத்தில் மொச்சைக்கொட்டை போல ஒரு கட்டி நழுவுகிறது. ஆட்டுக்குக் கொடுக்கும் அயோடின் உப்பைப் பூனைக்கும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. குட்டியின் கழுத்தில் வீங்கியது வேலை செய்ய முடியாத தைராய்டு. உங்கள் பூனையின் கழுத்தில் இருப்பது, அளவுக்கு மீறி வேலை செய்யும் தைராய்டாக இருக்கலாம். பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு வரும் நோய் இது. 1979-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில்தான் முதன்முதலில் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. சுரப்பியில் வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால், அது சுரப்பு நீரைக் கட்டுப்பாடில்லாமல் ஊற்றுகிறது. பூனை ஓயாமல் தின்னும், தண்ணீர் குடிக்கும், வாந்தி எடுக்கும், இராத்திரியில் கத்திக்கொண்டு அலையும், முடி அலங்கோலமாகும். நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு மிக வேகமாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் இதயம் பாதிக்கும்.

இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்யலாம். சுரப்பைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது; தினமும் கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சையும் உண்டு. சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டால், அதைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சுரப்பைக் கூட்டுகிற மாத்திரை. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போலாகும்.

கேள்வி: எங்கள் பூனைக்கு இரண்டு வயதுதான். நேற்று கழுத்தில் திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கிறது. இதுவும் தைராய்டா?

பதில்: பெரும்பாலும் சண்டைக் காயம். பூனையின் பல் ஊசி போன்றது. மேலே சின்னத் துளைதான் தெரியும். தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். கால்நடை மருத்துவமனையில் காட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு நல்ல அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அரை மாத்திரைகூட ஆபத்து.

கேள்வி: ஒரே ஆடு இரண்டு முறை கழலையுள்ள குட்டி போட்டது. விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் தீவனத்தையும் உப்பையும் சரிசெய்து ஓர் ஈற்று பாருங்கள். மற்ற ஆடுகள் அதே தீனியில் நல்ல குட்டி போட, இது மட்டும் மீண்டும் அப்படிப் போட்டால், பரம்பரைக் குறையாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரே இரத்த வழியில் கிடாவும் பெட்டையும் சேர்வதால் வருவது. அப்போது கிடாவை மாற்றுங்கள். அதன் குட்டிகளை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: குட்டிக்குக் கழலை இருந்த தாய் ஆட்டின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: கழலை தொற்றுநோய் அல்ல. நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். ஆனால், அந்த ஆட்டுக்கு அயோடின் குறைவென்றால் பாலிலும் குறைவாகத்தான் இருக்கும். அதே வீட்டில் கல்லுப்பில் சமைக்கிறீர்கள் என்றால், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அதே குறை வரலாம். கொல்லை உப்பை மாற்றும் நாளில் அடுப்படி உப்பையும் பாருங்கள். பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.